மழையில்லாத ராத்திரியில் ஒழுகிய கூரை

முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "தொழிற்சாலைகளில் ஈரப்பதமும் நீர்த்துளி படிதலும்". அழைப்பிதழில் இதைப் பார்த்துவிட்டு என் வகுப்புத் தோழன் ஒருவன் போன் பண்ணினான். "ஏண்டா, சாப்பாட்டுக்கு முன்னாடி பேசுறியா, பின்னாடியா?" என்றான். முன்னாடிதான் என்றேன். "அப்ப சரி, நீயே சீக்கிரம் முடிச்சிருவே" என்றான். முயற்சி செய்கிறேன்.

நான் செட்டியார்பட்டிக்காரன். எங்கள் வீட்டுத் திண்ணையில் வெயில் காலம் முழுக்க ஒரு மண்பானை இருக்கும். அதன் வெளிப்புறம் எப்போதும் ஈரமாக இருக்கும். அதே வீட்டில், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்தால் டம்ளரின் வெளிப்புறமும் ஈரமாகும். இரண்டையும் தொட்டுப் பார்த்தால் விரலுக்கு ஒன்றுதான். ஆனால் பானையின் ஈரம் உள்ளேயிருந்து கசிந்து வந்தது. டம்ளரின் ஈரம் வெளியே காற்றில் இருந்தது. முதலாவதில் தண்ணீர் காற்றுக்குப் போகிறது, போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவதில் காற்றிலிருந்து தண்ணீர் திரும்பி வருகிறது. பஞ்சாலையில் இருக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஒரு பெரிய மண்பானை. அதே பஞ்சாலையின் தகட்டுக் கூரை, மார்கழி மாதத்து விடியற்காலையில், ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர். என்னுடைய பன்னிரண்டு வருட உத்தியோகம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடத்தில் நாம் எல்லோரும் ஒரு வரி எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். பம்பாயில் பஞ்சாலைகள் ஏன் வளர்ந்தன? கடலோர ஈரக்காற்று இருப்பதால். பதில் சரிதான். ஆனால் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையத்தில் பஞ்சாலை தொடங்கியபோது இங்கே கடல் எங்கே இருந்தது? மலை இருந்தது, கரிசல் பருத்தி பக்கத்தில் இருந்தது, உழைக்க ஆள் இருந்தார்கள். கடல்காற்று இல்லை. ஆகவே நம் பக்கத்து மில்கள் நூலை மட்டும் உற்பத்தி செய்யவில்லை, பம்பாய்க்காரனுக்கு இலவசமாகக் கிடைத்த காற்றையும் தாங்களே உற்பத்தி செய்துகொண்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து 1923இல் அங்கே தொழில் தொடங்கினார்கள். அந்த ஊருக்குக் கைகொடுத்தது வறண்ட காற்று. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும். ஒரே மாவட்டத்தில் ஓர் ஊர் காய்ந்த காற்றை வைத்துப் பிழைத்தது, இன்னோர் ஊர் ஈரக்காற்றைத் தயாரித்துப் பிழைத்தது.

சிவகாசிக்கு இன்னொரு கதையிலும் உறவு உண்டு. அச்சகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காலண்டருக்கு நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். காலையில் அடித்த மஞ்சளுக்கு மேல் மாலையில் அடிக்கும் நீலம் பொருந்தாமல் போகும். 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு இதே தலைவலி வந்தபோதுதான், வில்லிஸ் கேரியர் என்ற இளம் என்ஜினியர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை வடிவமைத்தார். இன்றைக்கு நாம் ஏ.சி. என்றால் குளிர்ச்சி என்று நினைக்கிறோம். அது பிறந்தது குளிர்ச்சிக்காக அல்ல, காகிதத்தின் ஈரத்துக்காக. "ஏர் கண்டிஷனிங்" என்ற பெயரை வைத்தவரோ பஞ்சாலை என்ஜினியர். வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிரேமர், 1906இல் வைத்தார். ஆகவே பஞ்சாலையில் வேலை பார்க்கும் நம்மவர்கள், ஏ.சி. ஷோரூம்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.

பஞ்சுக்கு ஏன் ஈரம் வேண்டும் என்று மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பருத்தி இழை ஈரத்தில் வலுவாகும். இது அதிசயமான குணம். விஸ்கோஸ் நனைந்தால் பாதி வலுவை இழந்துவிடும். பருத்தி அப்படியில்லை, அதனால்தான் நம் பாட்டிமார் வேட்டியைக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்தும் அது கிழியாமல் இருந்தது. காற்று காய்ந்திருந்தால் இழை முறுகி அறும், தூசும் பஞ்சுமாகப் பறக்கும், பாலியஸ்டர் கலந்திருந்தால் மின்னேற்றம் வந்து இழைகள் தலைமுடி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். ஈரம் அதிகமானாலோ உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்ளும், மில்லில் இதை லேப்பிங் என்பார்கள். அந்த இடத்தைக் கத்தி வைத்து அறுத்தெடுக்கும் வேலை எத்தனை எரிச்சலானது என்பது ஷிப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ரிங் ஃப்ரேமில் 55 முதல் 60 சதவீதம், அதற்கு முந்திய பிரிவுகளில் கொஞ்சம் குறைவாக, தறிக்கொட்டகையில் 75க்கு மேல் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கணக்கு.

காசுக் கணக்கும் உண்டு. வியாபாரத்தில் பருத்திக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஈர அளவு 8.5 சதவீதம். அதாவது முற்றிலும் காய்ந்த 100 கிலோ பஞ்சு, 108.5 கிலோவாக விற்கப்படலாம், அது நியாயமான எடைதான். நூல் 5 சதவீத ஈரத்தோடு வெளியே போனால் மூன்றரைக் கிலோவை முதலாளி காற்றில் விட்டார் என்று பொருள். இதற்கு மில்லில் "இன்விசிபிள் லாஸ்" என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் என்றாலும் மேனேஜரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

நூலுக்கு இதமான காற்று ஆளுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிளான்ட்டில் தண்ணீரைப் பூத்தூறலாகத் தெளித்து அதன் வழியே காற்றை இழுக்கிறோம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்கும். காற்று குளிர்ந்து, நிறைஈரத்தோடு ஷெட்டுக்குள் போகிறது. அங்கே மெஷின் மோட்டார்களின் சூட்டை வாங்கிக்கொண்டு வெப்பம் ஏறுகிறது, ஒப்பு ஈரப்பதம் இறங்குகிறது. கோடையில் ஈரக்குமிழ் வெப்பமானி 26 டிகிரி காட்டும் நாளில், குளிர்பதன இயந்திரம் இல்லாமல் உள்ளே 60 சதவீதம் வேண்டுமென்றால் ஷெட்டின் வெப்பம் 35 டிகிரியில்தான் வந்து நிற்கும். அதில் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே சைடு பார்க்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். லங்காஷயர் தறிக்கொட்டகைகளில் ஒரு காலத்தில் நீராவியை நேரடியாக உள்ளே விட்டார்கள். நெசவாளிகள் எதிர்த்துப் போராடி, 1889இல் பிரிட்டனில் அதற்கென்றே கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நம் நாட்டின் 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஈரம் கூட்டத் தெளிக்கும் தண்ணீர் குடிதண்ணீராக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுத்திகரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னது. அந்தத் தண்ணீரைத்தானே எல்லோரும் மூச்சில் இழுக்கிறார்கள்!

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் செயலாளர் கூப்பிட்டதும் ஒப்புக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். ஈரப்பத ஏற்பாடுகள் அமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் இருந்தேன். நம் பக்கத்தில் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். அங்கே பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டுப் புதிதாக வண்ணத் தகடு போட்டிருந்தார்கள். அந்த வருடம் தை மாதத்தில் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை ரிங் ஃப்ரேம் ஷெட்டில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே மழையில்லை, வானம் நட்சத்திரமாக இருக்கிறது, உள்ளே சொட்டுகிறது. நூல் மேல் விழுந்து கறை பட்டது, ரிங்குகள் துருப்பிடித்தன. கூரை காண்டிராக்டரைக் கூப்பிட்டு எல்லா ஸ்குரூ ஓட்டைக்கும் பசை வைத்தார்கள். மறுபடியும் சொட்டியது. பிறகு என்னை அனுப்பினார்கள்.

நான் ஒரு சின்ன பாலிதீன் துண்டைத் தகட்டின் அடிப்பக்கத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். காலையில் பார்த்தால் துண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே காய்ந்திருக்கிறது, துண்டின் மேல் முத்துமுத்தாக நீர். ஒழுக்கல் இல்லை, வியர்வை. கணக்கும் ஒத்துவந்தது. 32 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரம் என்றால் அந்தக் காற்றின் டியூ பாயிண்ட், பாடப்புத்தகத் தமிழில் பனிநிலை, சுமார் 23 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் காற்று தண்ணீரைக் கக்கிவிடும். தெளிந்த வானத்துக்குக் கீழே தகடு தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். பனி பெய்கிறது என்று நாம் சொல்கிறோம். பனி எங்கிருந்தும் பெய்வதில்லை, குளிர்ந்த இடத்தில் அங்கேயே உண்டாகிறது. ஷெட்டுக்குள் நடந்தது அதுதான். ஆஸ்பெஸ்டாஸ் ராத்திரி கொஞ்சம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு பகலில் காயும். தகட்டுக்குக் குடிக்கத் தெரியாது.

தண்ணீர் எவ்வளவு என்கிறீர்கள்? இரண்டாயிரம் சதுர மீட்டர் ஷெட், ஐந்து மீட்டர் உயரம் என்று வையுங்கள். மேலே சொன்ன காற்றில் கன மீட்டருக்கு 20 கிராம் தண்ணீர் இருக்கிறது. மொத்தம் 200 லிட்டர், ஒரு டிரம். அது எந்நேரமும் நம் தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கிறது. தீரத் தீர பம்பு ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்தேன். அதுவரைக்கும் பாராட்டு. மருந்தில்தான் கோட்டை விட்டேன்.

ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னேன், அதன்மேல் கண்ணாடிக் கம்பளி விரிக்கச் சொன்னேன். இன்னொன்றும் செய்தேன். பிளான்ட்டின் லாக் ஷீட்டைப் பார்த்தபோது சில ராத்திரிகளில் ஈரப்பதம் 60க்குப் பதில் 54, 55 என்று இறங்கியிருந்தது. விசாரித்தால், பிளான்ட் ஆப்பரேட்டர் இரண்டு பம்புகளில் ஒன்றைத் தன்னிச்சையாக நிறுத்தியிருக்கிறார். ஐம்பது வயது தாண்டிய மனிதர், எங்கள் ஊர்க்காரர். என் ரிப்போர்ட்டில், மனிதத் தலையீட்டால் அளவு நிலையாக இல்லை, தானியங்கிக் கட்டுப்பாடு தேவை என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அதை வைத்து நிர்வாகம் அவருக்கு மெமோ கொடுத்தது. அந்த வருட இன்க்ரிமென்ட் நின்றது. எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம்.

அடுத்த கார்த்திகையில் சீலிங் வேலை முடிந்தது. மார்கழி முழுக்க ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் கம்பெனியில் எனக்குக் கைதட்டல். தை மாதம் ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு, சீலிங்கின் ஒரு பெரிய பலகை நனைந்த கம்பளியோடு ரிங் ஃப்ரேம் மேல் விழுந்தது. அந்த மெஷினில் சைடு பார்த்த தொழிலாளி, அறுந்த இழையைச் சேர்க்க மறுபக்கம் போயிருந்தார். அதனால் இன்று இந்த மேடையில் நின்று நான் இதைப் பேச முடிகிறது.

எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். காய்ந்திருந்தால் ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய பலகை. நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். ஏணி போட்டு மேலே ஏறிப் பார்த்தேன். சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் குளம். அந்த ஆப்பரேட்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். நான் இறங்கி வந்ததும் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, முன்னாடி சொட்டுச்சு. சொட்டுனா நாங்க பாத்து ஒரு வாளியாவது வைப்போம். நீங்க அது தங்குறதுக்கு மேல ஒரு எடம் கட்டிக் குடுத்துட்டீங்க."

நடந்தது இதுதான். ஷெட்டுக்குள் காற்றை ஊதி அனுப்புகிறோம், ஆகவே உள்ளே அழுத்தம் சற்று அதிகம். அந்த ஈரக்காற்று லைட் மாட்டிய ஓட்டை, பலகைகளின் இணைப்பு என்று கிடைத்த சந்திலெல்லாம் மேலே ஏறியது. முன்பாவது மெஷின் சூடு கூரையைத் தொட்டுக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்திருந்தது. நான் கம்பளி போர்த்தி அந்தச் சூட்டையும் தடுத்துவிட்டேன். கூரை முன்னைவிடக் குளிர்ந்தது, முன்னைவிட அதிகம் வியர்த்தது. சூட்டைத் தடுத்தவன் ஆவியைத் தடுக்க மறந்தேன். சூடான பக்கத்தில், சந்து இல்லாமல், ஆவி புகாத ஒரு தடுப்பு வேண்டும் என்று நம் கல்லூரியில் பாடம் நடத்தினார்கள். நோட்டில்கூட எழுதியிருக்கிறேன், பின்னால் எடுத்துப் பார்த்தேன். படம் வரைந்து கலர் பென்சில் வேறு அடித்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் பம்பு ரூமில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, போன வருஷம் சில நாள் ஒரு பம்பை நிறுத்தினீங்களே, எந்த நாள்னு எப்படி முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டேன். முதலில் பதில் சொல்லவில்லை. மெமோ வாங்கியவர், ஏன் சொல்ல வேண்டும்? கொஞ்ச நேரம் கழித்து அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் போட்டார். தேதி, அதற்கு எதிரே "சீட் நனைஞ்சிருக்கு" அல்லது "சீட் காய்ஞ்சிருக்கு". அவருடைய சைக்கிள் பம்பு ரூமுக்கு வெளியே வெட்டவெளியில் நிற்கும். ராத்திரி ஒரு மணிக்கு டீ குடிக்கப் போகும்போது சீட்டைத் தொட்டுப் பார்ப்பார். நனைந்திருந்தால் இன்னும் இரண்டு மணி நேரத்தில் கூரை சொட்டும். ஒரு பம்பை நிறுத்திவிடுவார்.

இதைக் கேட்டு எனக்குப் பேச்சு வரவில்லை. சைக்கிள் சீட்டும் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது, கூரையும் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. ஒன்று குளிர்ந்தால் மற்றதும் குளிரும். ஒரு பம்பை நிறுத்தி ஈரத்தை 55க்கு இறக்கினால் பனிநிலை 23லிருந்து 22க்கு, சில சமயம் அதற்கும் கீழே வருகிறது. 55 என்பது ரிங் ஃப்ரேமுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுதான், நூலும் அறவில்லை. அந்த நோட்டில் அவர் பம்பை நிறுத்திய நாட்களையும், மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரில் கூரை சொட்டியதாகப் பதிவான நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் நிறுத்திய நாட்களில் ஒன்றில்கூடச் சொட்டவில்லை. சொட்டியதெல்லாம் அவருக்கு வாராந்தர ஓய்வு நாள், இல்லையென்றால் அவருக்குப் பகல் ஷிப்ட், அதுவும் இல்லையென்றால் மெமோவுக்குப் பிறகு வந்த நாள். நான் ஒழுங்கீனம் என்று எழுதியது, அந்த மில்லில் இருந்த ஒரே கட்டுப்பாடு.

இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். முதல் ரிப்போர்ட்டில் ஆப்பரேட்டரைப் பற்றி நான் எழுதியது தவறு என்று முதல் பத்தியிலேயே போட்டேன். எங்கள் மேலதிகாரி அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை. மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நின்ற இன்க்ரிமென்ட் நின்றதுதான். வேலையை மறுபடியும் செய்தோம். சீலிங்கைக் கழற்றினோம். கூரைத் தகட்டின் அடியிலேயே, இடைவெளி இல்லாமல், காற்றும் ஆவியும் உள்ளே புகாத நுரைப்பலகையை ஒட்டி, உள்பக்கம் அலுமினியத் தாள் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் டேப் போட்டு அடைத்தோம். தகட்டில் ஒரு வெப்ப சென்சார் வைத்தோம். தகட்டின் வெப்பம் இறங்க இறங்க, உள்காற்றின் பனிநிலை அதற்குக் கீழேயே இருக்கும்படி பம்பு தானாகக் குறையும். டிராயிங்கில் அதற்கு ஒரு நம்பர் உண்டு. எங்களுக்குள் அதை "சைக்கிள் சீட்" என்றுதான் சொல்வோம். இப்போது நான் எந்த மில்லுக்குப் போனாலும் உள்ளே எத்தனை சதவீதம் என்று முதலில் கேட்பதில்லை. இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பு எது, அதன் வெப்பம் என்ன என்றுதான் கேட்கிறேன்.

பெரிய மில்லுக்குச் சரி, சின்னத் தொழிலுக்கு என்ன என்பீர்கள். எங்கள் செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் நைட்டியும் உள்பாவாடையும் தைத்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள், உங்களுக்குத் தெரியும். என் அத்தை மகனுக்கு அங்கே ஒரு குடோன், தகரக் கூரை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் கவருக்குள் இருக்கும் நைட்டியில் கறுப்புப் புள்ளி விழும். சரக்கு திரும்பி வரும். "மச்சான், பெரிய பெரிய மில்லுக்கெல்லாம் போறே, நம்ம குடோனைப் பாக்க மாட்டேங்கிறியே" என்றான். போனேன். சுவர் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அடைமழையில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. வெளியே ஈரம் சொதசொதவென்று நிற்கும்போது ஃபேனைப் போட்டால் ஈரத்தைத்தான் உள்ளே இழுக்கும். அதை நிறுத்தினேன். மழைவிட்ட நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் மட்டும் கதவைத் திறக்கச் சொன்னேன்.

உண்மையான கோளாறு அயர்ன் மேசையில் இருந்தது. நீராவி அயர்ன் போட்ட துணியைச் சூடு ஆறுவதற்குள் மடித்துக் கவரில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். துணி தான் குடித்த ஆவியையும் சேர்த்து உள்ளே அடைக்கிறார்கள். ராத்திரி குளிர்ந்ததும் கவருக்குள்ளேயே ஒரு சின்ன மார்கழி. அயர்ன் முடித்த துணியை ஃபேனுக்குக் கீழே இரண்டு மணி நேரம் விரித்து வைத்துப் பிறகு மடியுங்கள் என்றேன். பெட்டிகளைத் தரையிலிருந்து ஒரு சாண், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள் என்றேன். மிச்சம் இருந்த ஈரத்துக்கு, அறையை மூடி மூன்று டிகிரி சூடாக்கினோம், அவ்வளவுதான். 25 டிகிரியில் 85 சதவீதம் இருக்கும் காற்றை 28 டிகிரிக்குக் கொண்டுபோனால் 71க்கு இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே எடுக்கவில்லை, ஆனால் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பு கஷ்டம். அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். அதே தந்திரம்தான். அத்தை மகனுக்கு இதில் பெரிய ஏமாற்றம். ஜெர்மனி மெஷின் ஏதாவது வாங்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தான்.

சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவத் துணி நெய்து ஏற்றுமதி செய்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடியில் கன்டெய்னரை மூடும்போது உள்ளே அடைத்த காற்றும், மரப்பலகையில் இருக்கும் ஈரமும், அட்டைப்பெட்டியில் இருக்கும் ஈரமும் கப்பலோடு போகின்றன. கப்பல் குளிர்ந்த கடலுக்குள் போனதும் கன்டெய்னரின் இரும்புக் கூரை உள்ளே வியர்த்து, பெட்டிகளின் மேலேயே சொட்டும். இதற்குக் "கன்டெய்னர் மழை" என்றே பெயர். பச்சை மரப்பலகையைத் தவிருங்கள், மழை பெய்யும்போது சரக்கு ஏற்றாதீர்கள். சரக்கு நனைந்தது எங்கள் குற்றம் இல்லை, கன்டெய்னர் ஒழுகல் என்று சண்டை போடுவதற்கு முன்னால், என் பாலிதீன் துண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமாகிவிட்டது, சாப்பாட்டு வாசனை வருகிறது, ஒரே ஒரு விஷயம். காலையில் நம் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். நாங்கள் படித்தபோது கிலுகிலுப்பை மாதிரி சுற்றி விளையாடிய அந்தச் சைக்ரோமீட்டர் இன்னும் இருக்கிறது. ஈரக்குமிழின் திரி உப்புப் படிந்து குச்சி மாதிரி இருக்கிறது. எங்கள் காலத்திலேயே அப்படித்தான் இருந்தது, அதே திரியாகவும் இருக்கலாம். திரி தண்ணீரை உறிஞ்சாவிட்டால் ஈரக்குமிழ் சரியாகக் குளிராது, காய்ந்த காற்றையும் ஈரக்காற்று என்று காட்டும். நாங்கள் ரெகார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய அளவெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஒரு கட்டுப் புதுத் திரி வாங்கி வந்திருக்கிறேன், லேப் உதவியாளர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். மாதம் ஒரு திரி மாற்றினால் மூன்று வருடத்துக்கு வரும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் மாணவர்கள் எனக்கு எழுதுங்கள்.